அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?

கடைக்கணக்கில் பலரும் தடுமாறும் ஓர் இடத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன்.

எங்கள் மண்டியில் புதிதாகச் சேர்ந்த பையன் துவரம்பருப்புக்குச் சிட்டை போட்டான். ஒரே கடைக்குக் காலையில் இரண்டரை மூட்டை போயிருந்தது. மாலையில் ஒரு மூட்டையும், மூன்று கடைக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்ட இன்னொரு மூட்டையில் மூன்றில் ஒரு பங்கும் போயின. பையன் முழு மூட்டைகளைச் சரியாக 3 என்று கூட்டினான். பின்னத்தில் மேலே ஒன்றும் ஒன்றும் 2, கீழே இரண்டும் மூன்றும் 5, ஆக 3 2/5 மூட்டை என்று எழுதிவிட்டான். மூட்டை 30 கிலோ. அவன் கணக்கில் 102 கிலோ. போன சரக்கோ 115 கிலோ. கிலோ 120 ரூபாய் என்று வைத்தாலும் 1,560 ரூபாய் போச்சு! வாங்கியவர் நல்ல மனிதர். "அண்ணாச்சி, சிட்டையில் சரக்கு குறையுதே" என்று அவரே போன் செய்தார். எல்லோரும் செய்வார்களா?

ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொரு பங்கைச் சேர்த்தால் குறையுமா? இதை யோசித்திருந்தாலே தப்பு தெரிந்திருக்கும்.

கீழே உள்ள எண்கள் வேறுவேறாக இருந்தால் முதலில் இரண்டுக்கும் பொதுவான எண்ணைப் பிடிக்க வேண்டும். 2-க்கும் 3-க்கும் பொது 6. அரை என்பது 3/6, மூன்றில் ஒன்று 2/6. கூட்டினால் 5/6. மொத்தம் 3 5/6 மூட்டை.

2 3/4-உம் 1 2/3-உம் என்றால் பொது எண் 12. 9/12-உம் 8/12-உம் சேர்ந்து 17/12. அதில் ஒரு முழு மூட்டை இருக்கிறது. அதை முழு எண்ணோடு சேர்த்தால் 4 5/12.

என் தகப்பனார் இதை அணாவில் செய்வார். ரூபாய்க்கு 16 அணா. கால் 4 அணா, அரைக்கால் 2, மாகாணி 1. எல்லாவற்றையும் அணாவாக்கிக் கூட்டி, 16 சேர்ந்ததும் ஒரு ரூபாயை ஏற்றிவிடுவார். 1957-இல் நயா பைசா வந்தபிறகும் அவர் மனக்கணக்கு அணாவில்தான்.

"எல்லாவற்றையும் கிலோவாக்கிவிட்டால் போயிற்றே" என்பீர்கள். 30 கிலோ மூட்டைக்குச் சரி. சர்க்கரை மூட்டை 50 கிலோ. மூன்றில் ஒரு பங்கு 16 கிலோ 666 கிராம் சொச்சம். பதினாறரை என்று மூன்று தடவை எழுதினால் மூட்டைக்கு அரைக் கிலோ காணாமல் போகும். பங்குகளைக் கூட்டிய பிறகே 50-ஆல் பெருக்குங்கள்.