கைபேசிக்கு ஏற்ற உலாவியைத் தேர்ந்தெடுக்கும் முறை



விதை வாங்கச் செல்லும்போது கடையில் முதலில் கண்ணில் படும் பையை நாம் தூக்கி வருவதில்லை. எந்த ரகம், எத்தனை நாள் பயிர், நம் மண்ணுக்கும் பட்டத்திற்கும் ஏற்றதா, பையில் சான்று அட்டை தைக்கப்பட்டுள்ளதா என்றெல்லாம் பார்த்தே வாங்குகிறோம். ஆனால் பட்டா, சிட்டா, வங்கிக் கணக்கு, சந்தை விலை, மழை அறிவிப்பு ஆகிய அனைத்தையும் கைபேசியில் பார்க்க உதவும் உலாவியை மட்டும் நம்மில் பலர் தேர்ந்தெடுப்பதே இல்லை. கைபேசியோடு வந்தது எதுவோ அதையே பயன்படுத்தி வருகிறோம். விதையில் தவறினால் ஒரு பருவ மகசூல் போகும். உலாவியில் கவனக் குறைவாக இருந்தால் வங்கியில் இருக்கும் பல பருவங்களின் சேமிப்பே போய்விடக் கூடும். எனவே, இதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒவ்வொரு உழவரும் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

உலாவி என்பது யாது?

இணையத்தில் உள்ள பக்கங்களைக் கொண்டுவந்து நம் கண்முன் விரித்துக் காட்டும் செயலியே உலாவி. புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணத்தில் ஓர் உழவர் சிட்டா நகல் எடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முகவரியைக் கொடுத்தவுடன், உலாவியானது வருவாய்த் துறைச் சேவைகளை வழங்கும் கணிப்பொறியைத் தொடர்பு கொண்டு, அப்பக்கத்தைப் பெற்று, எழுத்தும் படமுமாக அடுக்கிக் காட்டுகிறது. அவர் தட்டச்சு செய்யும் சர்வே எண்ணும், பாஸ்வேர்டும், ஓ.டி.பி. எண்ணும் உலாவியின் வழியாகவே செல்கின்றன. வாய்க்காலில் உடைப்பு இருந்தால் தண்ணீர் வயலுக்கு வந்து சேராது. அதுபோல, உலாவி பழுதுடையதாக இருந்தால் நம் செய்தி உரிய இடத்திற்குப் போகாமல் வேறிடம் போய்விடலாம்.

'கூகுளில் பார்த்தேன்' என்று பலரும் சொல்வதுண்டு. கூகுள் என்பது தேடுபொறி; அதாவது எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடித் தருவது. குரோம், பயர்பாக்ஸ் போன்றவை உலாவிகள். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தேடுபொறி காட்டும் பட்டியலில் முதலில் வருபவை பல நேரங்களில் பணம் கட்டி இடம்பெற்ற விளம்பரங்களாக இருக்கும். வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடுபவர் அங்கே போலி எண்ணைக் கண்டு ஏமாறுவதும் உண்டு.

உலாவி வளர்ந்த வரலாறு

ஸ்விட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1990-ஆம் ஆண்டில் முதல் உலாவியை உருவாக்கினார். 1993-ல் மொசைக், 1994-ல் நெட்ஸ்கேப், 1995-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 2004-ல் பயர்பாக்ஸ், 2008-ல் குரோம் எனப் புதிய உலாவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு காலத்தில் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் ஓய்வு பெற்றது. நம் நாட்டில் மிகப் பலர் வைத்திருந்த யூ.சி. பிரவுசர், 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் ஒன்றாயிற்று. ஊரெல்லாம் போடும் ரகம் என்பதற்காகவே அது நமக்கும் ஏற்றதாகிவிடாது என்பதற்கு இவை சான்றுகள்.

தமிழ் எழுத்துகளைப் பொறுத்தும் ஒரு செய்தி உண்டு. முன்பு ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துரு முறையைப் பின்பற்றியதால், உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றது. இன்று யூனிகோடு முறையில் உள்ள தமிழ்ப் பக்கத்தை எந்த நல்ல உலாவியிலும் தடையின்றிப் படிக்கலாம்.

முக்கிய உலாவிகளும் அவற்றின் குணங்களும்

1. குரோம்: கூகுள் நிறுவனத்தினுடையது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வாங்கும்போதே இருக்கும். அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் இதில் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்கும். ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் மாற்றிக் காட்டும் வசதியும் உண்டு. குறை என்னவெனில், கைபேசியில் உள்ள குரோமில் விளம்பரத் தடுப்புச் செயலியைச் சேர்க்க இயலாது. கூகுள் நிறுவனத்தின் வருவாயில் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வருவது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

2. பயர்பாக்ஸ்: இலாப நோக்கமற்ற மொசில்லா அறக்கட்டளையைச் சார்ந்தது. இதன் நிரலை எவரும் பார்த்து ஆராயலாம். கைபேசியிலும் 'யூபிளாக் ஆரிஜின்' என்னும் விளம்பரத் தடுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுரையை மட்டும் தனியே பெரிய எழுத்தில் காட்டும் வாசிப்பு முறையும் உண்டு. சில தளங்கள் குரோமை மட்டுமே மனத்தில் கொண்டு அமைக்கப்படுவதால், அரிதாக ஏதேனும் ஒரு பக்கம் இதில் சரிவர இயங்காமல் போகலாம்.

3. உலா: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட உலாவி. பெயரே தமிழ்ச் சொல். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயைப் பெற்றது. விளம்பரத் தடுப்பும், நம்மைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதைத் தடுக்கும் வசதியும் இதனுள்ளேயே அமைந்துள்ளன. பிள்ளைகளுக்கெனத் தனி முறையும் உண்டு.

4. ஓப்பரா மினி: பக்கத்தைத் தன் கணிப்பொறியில் சுருக்கி அனுப்புவதால் டேட்டா மிகவும் குறையும். சிக்னல் குறைந்த கொல்லைப் பகுதிகளில் செய்தி படிக்க ஏற்றது. ஆயினும் மிகுந்த சிக்கன முறையில் நம் பக்கங்கள் அந்நிறுவனத்தின் கணிப்பொறி வழியே சென்று வருகின்றன. எனவே, அம்முறையில் வங்கிக் கணக்கைத் திறத்தல் கூடாது.

குரோம், உலா, எட்ஜ், சாம்சங் இன்டர்நெட் ஆகிய பலவும் 'குரோமியம்' என்னும் ஒரே அடிப்படையில் கட்டப்பட்டவை. பெயர்ப்பலகை வேறாக இருந்தும் உள்ளே ஒரே வகை மோட்டார் ஓடும் பம்புசெட்டுகளைப் போன்றவை இவை. பயர்பாக்ஸின் உள் இயந்திரம் மட்டும் முற்றிலும் வேறானது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு. உலாவியில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றை அடைக்கப் புதிய பதிப்பு வர வேண்டும். புதுப்பிப்பு வராத உலாவி, வேலி சாய்ந்த தோட்டத்திற்கு ஒப்பாகும். மிகப் பழைய கைபேசிகளுக்கு இப்புதுப்பிப்புகள் நின்றுவிடும். அவ்வாறு நின்றுபோன கைபேசியில் பணப் பரிமாற்றம் செய்யாதிருப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, டேட்டாவும் கைபேசியின் திறனும். ஒரு பக்கத்தோடு வரும் விளம்பரப் படங்களும் காணொளிகளும் நாம் பணம் கட்டிய டேட்டாவையே தின்கின்றன. களை உண்ணும் உரத்தைப் போன்றது இது. விளம்பரத் தடுப்பு இருந்தால் பக்கம் விரைவில் திறக்கும். தவறிப் போலி விளம்பரத்தைத் தொட்டுவிடும் ஆபத்தும் குறையும்.

மூன்றாவது, படிக்கும் வசதி. எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பு எளிதில் கிடைக்க வேண்டும். மொழிபெயர்ப்பு வசதி பயனுள்ளதே. ஆயினும் பூச்சிமருந்தின் அளவு, கலக்கும் தண்ணீரின் அளவு ஆகியவற்றை இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிக் கைக்கொள்ளக் கூடாது. மருந்துப் புட்டியின் சீட்டையோ வேளாண்மை அலுவலரையோ கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது, நமக்கு வேண்டிய தளங்கள் அதில் இயங்குதல். சிட்டா பார்த்தல், பிரதமர் கிசான் திட்டத்தின் தவணை நிலை அறிதல், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பயிர்க் குறிப்பு படித்தல் ஆகிய மூன்றையும் புதிய உலாவியில் ஒருமுறை செய்து பார்க்கவும். சிட்டாவைக் கோப்பாகச் சேமித்துப் பின்னர் திறக்க முடிகிறதா என்றும் பார்க்கவும். புதிய ரகத்தை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பது போன்றதே இச்சோதனை.

எமது பரிந்துரை

மேற்கண்ட குணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கையில், நாள்தோறும் படிப்பதற்கும் தேடுவதற்கும் விளம்பரத் தடுப்புடன் கூடிய பயர்பாக்ஸையே முதலில் பரிந்துரைக்கலாம். டேட்டா மிச்சமாகிறது, போலி விளம்பரங்களின் தொல்லை குறைகிறது, விளம்பரத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் கையில் அது இல்லை. ஆயினும் மொசில்லாவின் வருவாயில் பெரும் பகுதி கூகுள் தேடுபொறியை முதன்மையாக வைப்பதற்காகக் கிடைப்பது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இதற்குத் துணையாகக் குரோமையும் புதுப்பித்து வைத்திருந்தால், ஏதேனும் அரசுப் பக்கம் இயங்காதபோது கைகொடுக்கும். நம் நாட்டில் உருவானதைப் பயன்படுத்த விரும்புவோர் பயர்பாக்ஸுக்குப் பதில் உலாவைக் கொள்ளலாம். கைபேசியில் இடம் மிகக் குறைவாக இருந்தால் குரோம் ஒன்றே போதும்; ஆனால் புதுப்பிப்பில் தவறக் கூடாது.

முகவரியைப் படிக்கும் முறை

எந்த உலாவியானாலும், மேலே தெரியும் முகவரியைப் படிக்கத் தெரியாவிடில் பயனில்லை. பலர் முகவரியின் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் நல்லது என்று எண்ணுகின்றனர். பூட்டு என்பது பையின் வாய் நன்றாகத் தைக்கப்பட்டுள்ளது என்பதற்கு அடையாளம். வழியில் எவரும் பிரித்துப் பார்க்க இயலாது, அவ்வளவே. பையினுள் இருப்பது யாருடைய விதை என்பதை அது சொல்லாது. போலித் தளங்களும் பூட்டு வைத்துள்ளன. சான்று விதையின் நீல அட்டையைப் போல நாம் பார்க்க வேண்டியது முகவரியின் முடிவையே.

முகவரியில் முதல் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதியைப் பின்னிருந்து படிக்கவும். அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என முடியும். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவுச் சேவை 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என முடியும். ரிசர்வ் வங்கி 2025-ல் பிறப்பித்த ஆணைப்படி வங்கிகள் 'பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாறியுள்ளன. 'கிசான்', 'கவ்' போன்ற சொற்கள் முகவரியின் முன்பகுதியில் இருந்து, முடிவு மட்டும் 'காம்' என்றோ வேறாகவோ இருந்தால் அதை விட்டு விலகவும்.

பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருவதை அறிந்த மோசக்காரர்கள், 'தவணை நின்றுவிடும், உடனே இதைத் தொடவும்' என்று வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்புகின்றனர். அதைத் தொட்டால் 'ஏபிகே' என்னும் கோப்பு இறங்கும். அப்போது உலாவியே 'இக்கோப்பு தீங்கு விளைவிக்கலாம்' என எச்சரிக்கக்கூடும். அவ்வெச்சரிக்கையைத் தாண்டிச் செல்ல வேண்டாம். அக்கோப்பைக் கைபேசியில் நிறுவினால் ஓ.டி.பி. எண்கள் அவர்கள் கைக்குப் போய்விடும்.

பராமரிப்பு

- பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பிளே ஸ்டோரில் உலாவியைப் புதுப்பிக்கவும். உலாவியை வேறெங்கிருந்தும் இறக்கக் கூடாது.
- 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று தளம் கேட்டால் 'தடு' என்பதையே அழுத்தவும். இருப்பிடம் அறியும் அனுமதியை வானிலை போன்ற தேவைகளுக்கு மட்டும் அளிக்கவும்.
- அடிக்கடி பார்க்கும் அரசு, வங்கி முகவரிகளை ஒருமுறை சரிபார்த்துப் புத்தகக்குறியாகச் சேமித்து, எப்போதும் அதன் வழியே செல்லவும்.
- பிறர் கைபேசியில் பார்க்க நேர்ந்தால் மறைநிலை முறையில் பார்த்து, முடிந்ததும் மூடிவிடவும். இம்முறை அக்கைபேசியில் நாம் பார்த்த பக்கங்களின் தடத்தை வைக்காது. போலித் தளத்திலிருந்து காப்பாற்றாது.
- பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யவும். விரைவாகச் செய்தால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் உடனே தெரிவிக்கவும்.

முடிவுரை

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கையெழுத்திடக் கற்றவர்கள் அதோடு நிற்காமல் பேருந்துப் பலகையையும் கூலிக் கணக்கையும் படிக்கக் கற்றனர். பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். அதே மண்ணில் இன்று கற்க வேண்டிய அடுத்த பாடம், முகவரியைப் பின்னிருந்து படிப்பது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு, இன்று மாலையே கைபேசியில் எந்த உலாவி உள்ளது, எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்க்கவும். பின்னர் மேற்கூறிய மூன்று தளங்களைத் திறந்து சோதித்து, தமக்கு ஏற்ற உலாவியைத் தேர்ந்தெடுத்து உழவர் பெருமக்கள் பயன்பெறுவார்களாக.