கொழுவும் வாளும்

சாமுவேலின் முதற் புத்தகத்து 13-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி காணப்படுகின்றது. இஸ்ரவேலர் வாளும் ஈட்டியும் செய்துகொள்ளலாகாது எனக் கருதிய பெலிஸ்தர், அந்நாட்டில் ஒரு கொல்லனும் இல்லாதபடி செய்தனர். இதனால் விளைந்தது யாது? உழவன் தன் கொழுவையும் கோடரியையும் தீட்டுதற்குப் பகைவரிடமே செல்ல வேண்டியதாயிற்று. வாளைக் குறித்து எழுந்த தடை கொழுவையும் பற்றிக்கொண்டது. இரும்பின்மீது விதிக்கப்படும் தடைகளுக்கெல்லாம் இஃது இயல்போ என்பதை, நம் காலத்துப் பேருருக்காலை ஒன்றன் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஈரான் நாட்டில் இஸ்பஹான் நகருக்குத் தென்மேற்கே, முபாரக்கே என்னும் ஊரை அடுத்து அவ்வாலை எழுந்தது. முதலில் பந்தர் அப்பாஸ் கடற்கரையில் அமைக்கக் கருதப்பட்டு, 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் உள்நாட்டிற்கு மாற்றப்பட்டது. இத்தாலியப் பொறிஞர் துணையுடன் கட்டப்பெற்று, 1990-களின் தொடக்கத்தில் தொழிலை மேற்கொண்டது. நாளடைவில் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் மிகப் பெரிய எஃகு நிலையம் எனப் பெயர் பெற்றது. மோட்டார் வண்டி, குழாய், உணவுத் தகரக் குவளை, வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றிற்கு வேண்டிய எஃகுத் தகடுகளே அதன் முதன்மைப் பண்டங்கள்.

இவ்வாலையின் தொழில்முறை அறியத்தக்கது. பல நாடுகளில் இரும்புக் கனியை ஊதுலையிலிட்டுக் கற்கரி கொண்டு உருக்குவர். முபாரக்கேயிலோ கரியின் தொழிலை இயற்கை வாயுவே செய்தது. அவ்வாயுவினின்று பெறப்படும் ஐதரசனும் கார்பன் மோனாக்சைடும் கனியுருண்டைகளிலுள்ள ஆக்சிசனைக் கவர்ந்துகொள்ள, கடற்பஞ்சு போல் நுண்டுளை மிகுந்த இரும்பு உருகாமலே எஞ்சும். அதனை மின்னுலையில் உருக்கி எஃகாக்கிப் பாளமாக வார்த்துத் தகடாக உருட்டுவர். கனியும் வாயுவும் ஈரானிலேயே கிடைப்பன; இயற்கை வாயு இருப்பில் அந்நாடு ருசியாவுக்கு அடுத்த நிலையினது. ஆதலின் ஆலையின் உணவை அயலார் நிறுத்தல் அரிது. மின்னுலைக்குரிய கிராபைட் மின்முனைகள், அயல்நாட்டுப் பொறிகளின் உறுப்புகள், விற்ற பண்டத்திற்குப் பணம் வந்துசேரும் வங்கிவழி என்னும் இவையே தடை தீண்டத்தக்க இடங்கள்.

இனித் தடைகளின் வரலாற்றை நோக்குவாம். அணுத்தொழிலைக் காரணமாகக் காட்டி, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை 2006-ஆம் ஆண்டு முதல் ஈரான்மீது தடைகள் விதித்தது. 2015-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக அடுத்த ஆண்டு அவை தளர்ந்தன. 2018 மே 8-ஆம் நாள் அமெரிக்கா அவ்வுடன்படிக்கையினின்று விலகிற்று. அவ்வாண்டு அக்டோபரில் முபாரக்கே ஆலையின் பெயரையும் அமெரிக்க நிதித்துறை தடைப்பட்டியலிற் சேர்த்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 மே 8-ஆம் நாள், ஈரானின் இரும்பு, எஃகு, அலுமினியம், செம்பு ஆகிய தொழில்கள் அனைத்தின்மீதும் ஆணை பிறந்தது. 2025 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பழைய தடைகளும் மீண்டன.

ஆலையைப் பட்டியலிற் சேர்த்தற்கு அமெரிக்கா கூறிய காரணம், அதன் பணம் பசீச் என்னும் துணைப்படைக்குச் சேர்கின்றது என்பது. அப்படை சிறுவரையும் பயிற்றிச் சிரியப் போருக்கு அனுப்பியது என்றும் குற்றஞ்சாட்டிற்று. சிறுவர் கையில் ஆயுதம் கொடுக்கப்படுவதாகக் கேட்டபின்னும் வாணிகம் வாணிகமே என்றிருத்தல் அறமாகாது. தடை விதிப்போர் பக்கத்து நியாயம் இது.

எனினும் விளைவு என்ன? 2018-இல் ஏறத்தாழ 2 கோடியே 45 இலட்சம் டன்னாயிருந்த ஈரானின் எஃகு உற்பத்தி, 2022-இல் 3 கோடி டன்னைக் கடந்தது. உலைகள் அவியவில்லை. ஆனால் அதே 2022-இல் அந்நாட்டு விலையேற்றம் நூற்றுக்கு நாற்பதைக் கடந்தது. தகடு உருட்டிய தொழிலாளியின் கூலி, அப்பம் வாங்கும் கடைவாயிலில் தேய்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், முபாரக்கே ஆலையில் பெருந்தொகை முறைகேடாய்ச் சென்றதென ஈரானியப் பாராளுமன்றக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்திற்று. விலையேற்றமும் முறைகேடும் தடையினாலேயே விளைந்தன என்பது மிகைபடக் கூறலாம். ஆள்வோர் பிழையும் அவற்றிற் பெரிது. ஆயினும் தலைவாயில் அடைபட்டவிடத்து வாணிகம் புழைக்கடை வழியே செல்லும். அவ்வழியில் கணக்குக் கேட்பார் இலர்.

மீண்டும் அவ்வதிகாரத்தின் முடிவை நோக்குக. போர்நாளில் குடிகள் எவர் கையிலும் வாளில்லை. சவுலிடமும் அவன் மகன் யோனத்தானிடமுமே இருந்தது. கொல்லனை ஒழித்தும் அரசன் வாளை ஒழித்தல் இயலவில்லை. கொழுவுக்காகப் பகைவர் வாயிலில் காத்து நின்றவன் உழவனே. தடையே கூடாதென்பது எம் கருத்தன்று. போரினும் அது மென்மையானதே. ஆனால் தடை விதிப்போர், எத்தனை வாளைத் தடுத்தோம் என்று எண்ணுவதோடு, எத்தனை கொழுவை மழுக்கினோம் என்றும் ஆண்டுதோறும் கணக்குப் பார்த்தல் வேண்டும். இரும்பு ஒன்றே, அதனை ஏந்தும் கைகளோ வேறு வேறு. கைகளைப் பிரித்தறியாத தண்டனை நீதியாதல் அரிது.