சுவருக்குப் போர்த்திய கம்பளி

அன்புத் தங்கைக்கு,

ஓசூரில் புதிதாகக் கட்டிய ஓர் அலுவலகத்தின் வெளிச்சுவரை விரல் முட்டியால் தட்டியிருக்கிறாய். கண்ணுக்குக் கருங்கல் சொரசொரப்பு, காதுக்குப் பழப்பெட்டி மாதிரி 'பொத் பொத்'. ஏமாற்று வேலையா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். ஏமாற்று இல்லை. அந்த மெல்லிய பூச்சுக்கு அடியில் இருப்பது தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளைச் சரக்குதான். கட்டடத்துக்கென்று தரம் பார்த்து வாங்கியது. வெளிப்புறக் காப்புப் பூச்சு என்று தமிழில் சொல்லலாம். கட்டடக்காரர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஈஃப்ஸ்' என்பார்கள்.

ஜவளகிரியில் வளர்ந்தவளுக்கு இதைப் புரியவைக்கப் பாடப்புத்தகம் வேண்டாம், ஒரு கம்பளி போதும். ஆடு மேய்க்கிற பெரியவர்கள் மார்கழிப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் அதையே மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கிடக்கும் காற்று, இந்தப் பக்கச் சூட்டை அந்தப் பக்கம் போகவிடுவதில்லை. தெர்மாகோலும் அப்படித்தான்: அதன் கன அளவில் சுமார் 98 சதவீதம் வெறும் காற்று. 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் பலகை தடுக்கிற வெப்பத்தைச் செங்கல்லை மட்டும் வைத்துத் தடுக்க வேண்டுமென்றால், ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனுக்குச் சுவர் எழுப்ப வேண்டும்.

அதை ஏன் வெளியே ஒட்ட வேண்டும், வீட்டுக்குள் ஒட்டினால் ஆகாதா? முக்கியமான கேள்வி இதுதான்.

நம் பக்கத்துக் கல்வீட்டையே எடுத்துக்கொள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த மேற்குச் சுவர் ராத்திரி எட்டு மணிக்கு அதை வீட்டுக்குள் கக்கும். வாசலில் சிலுசிலுவென்று காற்று வீசும்போது, கட்டிலை ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. காப்பை உள்பக்கம் ஒட்டினால் சுவர் வழக்கம்போல வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும். தளமும் பீமும் சுவரோடு சேரும் இடங்களில் காப்பு அறுந்துபோகும். சூடு அந்தச் சந்து வழியாக நுழைந்துவிடும். வெளியே போர்த்தினாலோ, மொத்தச் சுவரும் மர நிழலில் நிற்பது போலத்தான். அதன் கனம் வீட்டுக்குத் துணையாகிவிடும்: இரவுக் குளுமையை வாங்கி வைத்துப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். 20 சென்டிமீட்டர் சாலிட் பிளாக் சுவருக்கு வெளியே 5 சென்டிமீட்டர் பலகை ஒட்டினால், சுவர் வழியாகப் போகும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்கிறது கணக்கு.

இந்த உத்தி பிறந்தது குளிர் நாட்டில். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் 1950களில் தெர்மாகோல் சந்தைக்கு வந்தது. பழைய கல், செங்கல் கட்டடங்களை இடிக்காமல் கதகதப்பாக்க அதை வெளியே ஒட்டிப் பூசும் பழக்கமும் அதன் பின்னாலேயே வந்தது. 1969இல் 'டிரைவிட்' நிறுவனம் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் இதற்கு நேர்ச் சொந்தம் குறைவு, பங்காளிகள் உண்டு. மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் இந்தூரில் எழுந்த 1,024 வீடுகளின் சுவர்கள், நடுவில் தெர்மாகோல் வைத்த சிமெண்ட் பலகைகள். ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு விமானம் ஏறும்வரை வாடாமல் காத்திருக்கும் குளிர் அறைச் சுவராக நிற்கும், நடுவில் நுரை வைத்த 'பஃப் பேனல்' இன்னொரு பங்காளி.

தெர்மாகோல் என்றதும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியதும் ஊரறிந்த கதை. நீரை மூடிவைக்கும் யோசனையை முழுக்கக் கேலி செய்துவிடவும் முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கம் ஒன்றில் 2015இல் 9 கோடிக்கும் மேற்பட்ட கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். வைகையில் கோளாறு பிடிமானத்தில்தான்.

சுவரிலும் பிடிமானம்தான் பாதி வேலை. முதலில் பசைக்கலவை தடவி, பலகைகளைச் செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். இரண்டு பலகைக்கு நடுவே இடைவெளி விழுந்தால் தெர்மாகோல் சீவலையே செருக வேண்டும். கலவையை அப்பினால் பிற்பாடு அந்தக் கோடு வெளியே தெரியும். பசை இறுகியதும் குடை போன்ற தலையுள்ள பிளாஸ்டிக் ஆங்கரை அடிப்பது பல இடங்களில் வழக்கம். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு: வெயிலில் சில நாள் கிடந்த தெர்மாகோல் மேலே மஞ்சள் தூளாகும், அந்தத் தூளின்மேல் எதுவும் ஒட்டாது. அதன்மேல் அடிப்பூச்சு, பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைக் கரணையால் அழுத்திப் புதைப்பது, கடைசியில் நிறப்பூச்சு. எல்லாப் பூச்சும் சேர்ந்தே சில மில்லிமீட்டர்தான். நல்ல கொத்தனார் ஜன்னல் மூலைகளில் ஒரு துண்டு வலையைக் குறுக்காகச் சாய்த்து வைப்பார். விரிசல் எப்போதும் அந்த மூலையிலிருந்துதான் சாய்வாகக் கிளம்பும். நிறம் வெளிறியதாக இருப்பது நல்லது. கறுப்பு அடித்தால் மேற்பரப்பு கொதித்து, உள்ளே இருக்கும் தெர்மாகோல் இளகும்.

இத்தனை செய்தும் கெட்டுப்போன இடங்கள் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் என்று ஒரு கடற்கரை ஊர். 1990களின் நடுவில் அங்கே புத்தம்புது வீடுகளின் சுவர்கள் உள்ளுக்குள் அழுகியிருந்தன. பூச்சு வழியாகத் தண்ணீர் இறங்கவில்லை. ஜன்னல் ஓரம், கூரை சேரும் இடம் என்று இடுக்குகளில் நுழைந்தது. நுழைந்த நீருக்கு வெளியேற வழியில்லை; பின்னால் இருந்ததோ மரப்பலகை. அதற்குப் பிறகுதான் தெர்மாகோல் பலகைக்குப் பின்னால் நீர் வடிய வழிவிடும் முறை அங்கே பரவலானது. நம்மூர் பிளாக் சுவர் மரம் போல அழுகாது. ஆனால் ஈரம் தங்கினால் பூச்சு உப்பிக்கொண்டு கழன்று வரும்.

நெருப்பு அதைவிடக் கொடியது. 2010 நவம்பர் 15 அன்று ஷாங்காயில், வெளிச்சுவருக்குக் காப்பு ஒட்டிக்கொண்டிருந்த 28 மாடிக் குடியிருப்பில் வெல்டிங் பொறி விழுந்தது. 58 பேர் இறந்தார்கள். உயரமான கட்டடத்தில் எரியாத பாறைக் கம்பளிப் பட்டையை இடையிடையே வைக்காமல் தெர்மாகோலை மட்டும் ஒட்டுவது அலட்சியம். அதற்குச் சமாதானம் சொல்ல இடமில்லை.

ஜவளகிரியில் நம் வீட்டுக்கு இது தேவையா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நம் ஊர் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. ஒற்றை மாடி வீட்டில் அந்த வெயிலை முதலில் வாங்குவது கூரைதான். முதல் செலவை அங்கே செய்யச் சொல் அப்பாவிடம்: வெள்ளைப் பூச்சோ, வெள்ளை ஓடோ. அடுத்தது மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரமோ மரமோ. வீடுகளுக்கான மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு ஆற்றல் சிக்கன விதிமுறையான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா'வும் சுவரை மட்டும் தனியாக எடைபோடுவதில்லை. ஜன்னல், அதன்மேல் விழும் நிழல், சுவர் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. நாள் முழுக்க ஏசி ஓடுகிற ஓசூர் அலுவலகத்துக்குத்தான் அந்தக் கம்பளி கட்டுப்படியாகும். நம் ஊரிலோ, கேழ்வரகு வாசனைக்கு வரும் யானை ஒருமுறை உரசினால் சில மில்லிமீட்டர் பூச்சு என்ன பாடுபடும் என்பதையும் யோசித்துக்கொள்.

அடுத்த மழை ஓய்ந்த மறுநாள் அந்தக் கட்டடத்தின் பக்கம் போனால், தட்ட வேண்டாம். குனிந்து சுவரின் அடி விளிம்பைப் பார்: பூச்சு தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே முடிந்திருக்கிறதா, வலை விளிம்பைச் சுற்றி உள்ளே மடிந்திருக்கிறதா, ஜன்னலின் கீழ் மூலையில் கறுப்பாக நீர் வழிந்த தடம் இருக்கிறதா? பார்த்ததைப் படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்