வீங்குவது துகளா?

பங்குனி வெயில் ஏறிவிட்டால் செஞ்சியில் சைக்கிளில் வரும் பிள்ளைகள் மரத்தடி இடத்துக்குப் போட்டி போடுவார்கள். “வெயில்ல நிறுத்துனா டியூப் வெடிச்சிடும் சார்.” ஏன் வெடிக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். “சூட்டுல காத்தோட துகள் வீங்கிடுது சார்” என்றாள் ஒரு மாணவி. வகுப்பே தலையாட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. குளிர்ந்த வாயுவுக்குச் சிறிய வட்டங்களும் சூடான வாயுவுக்குப் பெரிய வட்டங்களுமாகப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன் நான்தான்.

மறுநாள் ஒரு காலி எவர்சில்வர் பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் நிறுத்தினேன். (கண்ணாடி வேண்டாம், விரிசல் விடும்.) பலூன் எழுந்து நின்றது. “சூடான காத்து மேல போகுது சார்.” பாட்டிலை ஆறவைத்து, துணியால் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பகுதியில் வெந்நீரை ஊற்றினேன். கீழே தொங்கிய பலூனும் உப்பியது. மேலே போவது காரணமல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் கடுகு. மெல்லக் குலுக்கினால் சலசலப்பு. வேகமாகக் குலுக்கினால் மூடி அதிர்கிறது. கடுகு பெரிதாயிற்றா? “இல்ல சார், வேகமா மோதுது.” இது உவமைதான். கை நின்றால் கடுகு நின்றுவிடும். வாயுத் துகள்கள் நிற்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு பிழையை விதைத்தவர்களாவோம்.

பிறகு டயர் கணக்கு. காலையில் 27 டிகிரி செல்சியஸ், வெயிலில் 57 டிகிரி எனக் கொண்டோம். அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றான் ஒருவன். அப்படியானால் செஞ்சியில் ஒரு டயரும் மிஞ்சாது! கெல்வினில் அது 300-லிருந்து 330. டயரின் பருமன் அதிகம் மாறாததால் அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். (கடைக்காரரின் மானி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலுள்ளதை மட்டுமே காட்டும், வெளி அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டே கணக்கிட வேண்டும்.) நல்ல டியூப் இதைத் தாங்கும். பலமுறை ஒட்டுப்போட்ட டியூப்தான் விட்டுக்கொடுக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் வேறு. துகள்களின் வேகம் ஏறத்தாழ 5 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு மோதலும் 5 சதவீதம் பலமாகிறது. மோதல்களின் எண்ணிக்கையும் 5 சதவீதம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த 10 சதவீதம். அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை டேனியல் பெர்னூலி 1738-லேயே ‘ஹைட்ரோடைனமிக்கா’ நூலில் விளக்கிவிட்டார்.

இப்போது ஒரே அளவு வட்டங்களையே வரைகிறேன். சூடான வாயுவுக்கு அம்புக்குறிகள் மட்டும் நீளம். அந்த மாணவியும் அப்படியே வரைந்துவிட்டு, வட்டங்களுக்கு நடுவே நீல வண்ணம் தீட்டியிருந்தாள். என்னம்மா இது என்றேன்.

“நடுவுல காத்து இருக்குல்ல சார்?”

அடுத்த வகுப்பை அந்த நீலத்திலிருந்துதான் தொடங்கினேன்.