கைக்கடிகார ரிப்பேர்: முதல் பாடம் உங்கள் கம்ப்யூட்டரில்

சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. வாட்ச் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியுடன் 1961-ல் பெங்களூரில் தொடங்கியது இந்தத் தயாரிப்பு. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. எனவே ஒரு பாகம் உடைந்தால், பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். திறக்கும் முன் கோளாறைக் கண்டுபிடிக்கப் பழகுவது அவசியம்.

புதுச்சேரியில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் நான் வாட்ச் ரிப்பேர் கற்று வருகிறேன். புரோகிராமைத் திருத்தும் முன் லாக் பைலைப் படிப்போம் அல்லவா? வாட்சுக்கு லாக் பைல் அதன் டிக் டிக் ஓசைதான். தேவையானவை ஒரு ஹெட்செட் மைக், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவே.

1. வாட்சுக்கு முழுச் சாவி கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

2. வாட்சின் பின்மூடியை மைக்கில் ஒட்டி வைத்து, இரண்டு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள்.

3. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜனதா மாடல் மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதாவது, 0.2 விநாடிக்கு ஒரு டிக்.

4. ஒரு டிக்கின் தொடக்கத்திலிருந்து, 60 விநாடிக்கு மிக அருகில் உள்ள டிக்கின் தொடக்கம் வரை மவுசால் தேர்வு செய்யுங்கள். அதன் நீளம் கீழே தெரியும்.

நீளம் 59.98 என்று வந்தால்? குறைவு 0.02 விநாடி. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். ஆக, 0.02 × 1,440 = 28.8 விநாடி. உங்கள் வாட்ச் நாளுக்கு அவ்வளவு வேகமாக ஓடுகிறது. சவுண்ட் கார்டின் கடிகாரத்திலும் நாளுக்குச் சில விநாடி வித்தியாசம் இருக்கலாம். ஒரு குவார்ட்ஸ் வாட்சையும் இப்படியே அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாட்சை டயல் மேலாக, டயல் கீழாக, சாவி கீழாக என மூன்று நிலைகளில் வைத்து அளந்து, குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் என்றால், ரெகுலேட்டரைச் சற்று நகர்த்தினாலே போதும். நிலைக்கு நிலை அதிகம் மாறினால், எண்ணெய் காய்ந்திருக்கலாம் அல்லது பேலன்ஸ் வீலின் அச்சு தேய்ந்திருக்கலாம். அதற்குக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமானால், ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கரின் மேல் வாட்சை வைக்கும் பழக்கம் வேண்டாம்!

ரெகுலேட்டரைத் தொடும்போது ஹேர் ஸ்பிரிங்கில் கை படக்கூடாது. தலைமுடியைவிட மெல்லியது, வளைந்தால் நேராக்குவது கடினம். முதலில் ஓடாத பழைய வாட்சில் பழகுங்கள். எங்கள் ஊர் போலக் கடற்காற்று வீசும் இடமானால், பின்மூடியைத் திறந்தே வைத்துவிடாதீர்கள், துருப்பிடிக்கும்.

கழற்ற வேண்டிய கோளாறு என்றால், அனுபவமுள்ள வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுங்கள். உங்கள் அளவுகளையும் காட்டுங்கள். அவர் வேலை செய்து கொடுத்த பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். எது மாறியது என்று தெரியும். அதுவே உங்கள் இரண்டாம் பாடம்.