பழைய ஆக்‌ஷன் படம்: வட்டு தேறுமா?

வட்டின் தரத்தைச் சோதிக்க, வெடிக்கும் காட்சிக்கு ஓடாதீர்கள். அமைதியான குளோசப் ஒன்றில் முகத்தைப் பாருங்கள். ஃபிலிமில் எடுத்த படத்தில் நுண்ணிய துகள்கள் அசைந்துகொண்டே இருக்கும். அது குறையல்ல, ஃபிலிமின் இயல்பு. கணினியில் அதைத் துடைத்தெடுத்தால் தோலின் சுருக்கமும் சேர்ந்து போய்விடும். 1987இல் வந்த 'பிரிடேட்டர்' படத்தின் 2010 ப்ளூரேயில் அர்னால்டு மெழுகுப் பொம்மையாகத் தெரிவது இதனால்தான். ஆனால், டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் டிவி செய்த கோளாறுக்கு வட்டைத் திட்டுவோம்.

அட்டையில் 5.1 சரவுண்ட் என்று போட்டிருந்தாலே ஒலி உசத்தி என்றில்லை. 1984இல் 'தி டெர்மினேட்டர்' ஒற்றைத் தட ஒலியான மோனோவில்தான் வெளியானது. பின்னாளில் செய்த 5.1 கலவையில் துப்பாக்கிச் சத்தங்களையே மாற்றிவிட்டார்கள். ஆடியோ மெனுவில் மோனோ இருந்தால், முதலில் அதைப் போட்டுக் கேளுங்கள்.