மகனுக்கு வந்த லைசென்ஸ் கடிதம்

கேள்வி: கெலமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் படிக்கும் என் மகன் தங்கியிருக்கும் வீட்டுக்கு, டி.வி. லைசென்ஸ் எடுக்காவிட்டால் வழக்கு என்று கடிதங்கள் வருகின்றன. அவன் அறையில் டி.வி.யே கிடையாது, செல்போனில்தான் கிரிக்கெட் பார்க்கிறான். ரேடியோவுக்கு என் தகப்பனார் தபாலாபீசில் பணம் கட்டிய புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்தக் கட்டணம் இங்கும் உண்டா? மகன் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: தங்கள் தகப்பனாரின் புத்தகத்துக்கு ஆதாரம் 1933-ஆம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோப் பெட்டியைத் தம் வசம் வைத்திருப்பதையே குற்றமாகக் கருதி அச்சட்டம் அபராதம் விதித்தபடியால், வருஷந்தோறும் தபாலாபீசுக்குப் போய்ப் பணம் செலுத்திவிட்டு வருவது அக்காலத்துக் குடும்பஸ்தர்களின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. டிரான்சிஸ்டர் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்ட பிறகு, எந்த வீட்டில் எத்தனை என்று யார் போய் எண்ணுவது? 1980-களின் மத்தியில் சர்க்கார் அக்கட்டணத்தைக் கைவிட்டது. வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி இன்று மத்திய அரசின் மானியத்தாலும் விளம்பர வருமானத்தாலும் நடக்கிறது. 2024 நவம்பரில் அது தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியில் சந்தாத் திட்டங்கள் இருப்பினும், அவை விருப்பமுள்ளவர் கொடுக்கும் விலையேயன்றி வரியல்ல. கெலமங்கலத்தில் யாரேனும் லைசென்ஸ் பணம் என்று கேட்டு வந்தால் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

மகனுடைய விஷயம் வேறு. டி.வி. இல்லை என்பது அங்கே சமாதானமாகாது. எந்தச் சேனலானாலும், நம் தமிழ்ச் செய்திச் சேனலேயானாலும், ஒளிபரப்பாகும் அதே சமயத்தில் அதைச் செல்போனில் பார்ப்பவருக்கும் லைசென்ஸ் அவசியம், பி.பி.சி.யின் ‘ஐபிளேயர்’ செயலியிலோ, 2016 செப்டம்பர் முதல், பழைய நிகழ்ச்சியைப் பார்ப்பதற்குங்கூட அவசியம். நெட்ஃபிளிக்ஸ் படங்களுக்கும், யூடியூபில் ஆட்டம் முடிந்தபின் வரும் தொகுப்புகளுக்கும் தேவையில்லை.

கடிதத்தின் தொனி மிரட்டலாயிருப்பது மெய்தான். ஆயினும் கதவைத் தட்டும் அதிகாரி நீதிமன்ற வாரண்ட் இன்றி உள்ளே பிரவேசிக்க முடியாது. குற்றம் நிரூபணமானால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். லைசென்ஸ் கட்டணமோ 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174.50 பவுண்டு.

மகனை முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு முழுவதற்கும் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால் எல்லோருக்கும் ஒரு லைசென்ஸ் போதும். அறைக்குத் தனி ஒப்பந்தமானால் அவன் தனியே எடுக்க வேண்டும். லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவிக்கவும் அங்கே வழியுண்டு. ஆனால் கிரிக்கெட்டை நேரலையாகப் பார்த்துக்கொண்டே அப்படி அறிவிப்பது பொய்யாகும். நேரலையை விட முடியாதென்றால், பணத்தைக் கட்டிவிடச் சொல்லுங்கள்.